விளிம்பில் நடக்கும் பாடம்

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் பிறந்தது. 1987-இல் அது முதன்முதலாக நடத்தியவை இரண்டே பட்டயப் படிப்புகள். சேர்ந்தவர்கள் 4,528 பேர். ஒன்று மேலாண்மை. வேலைக்கு உதவும் படிப்பு என்பதால் அதில் வியப்பில்லை. மற்றொன்று தொலைநிலைக் கல்வி. வகுப்பறைக்கு வராதவர்களுக்குப் பாடம் நடத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் படிப்பு அது. பி.ஏ., பி.காம் எல்லாம் பிறகுதான் வந்தன. முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி, 1982-இல் ஐதராபாத்தில் தொடங்கிய நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை நடத்திய அனுபவத்தோடு டெல்லிக்கு வந்தவர். ஆசிரியர் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் என்றே 1993-இல் தனி நிறுவனமும் அங்கே அமைந்தது.

ஆசிரியர் பயிற்சி முதலில், பட்டப் படிப்பு பிறகு என்ற இந்த வரிசையில் ஒரு பாடம் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த நிலை வேறு. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இலும் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. ‘கரஸ்ல படிக்கிறேன்’ என்ற பேச்சு நம் வீடுகளில் புழங்கத் தொடங்கியது அப்படித்தான். பார்சலில் பாடப் புத்தகம், சில நாள் நேர்முக வகுப்பு, ஆண்டு முடிவில் தேர்வு. இதில் ஆசிரியரின் வேலை என்ன? நேர்முக வகுப்புக்கு வரும் கல்லூரிப் பேராசிரியர் வழக்கமான விரிவுரையையே சுருக்கி நடத்திவிட்டுப் போனால் போதும் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

ஆனால், எதிரே இருப்பவர் வேறு ஆள். பகலில் வேலை, மாலையில் குழந்தைகள், புத்தகத்தைத் தொட்டே பல வருடங்கள். கடை நடத்தும் அவருக்கு வட்டிக் கணக்கு அத்துப்படி. அதையே நான்கு பக்கம் எழுதச் சொன்னால் கை நடுங்கும். பாடம் புரியாததைவிட, ‘இந்த வயதில் நமக்கு இது வருமா?’ என்ற சந்தேகமே அவரை நிறுத்திவிடும். வீட்டிலிருந்து எழுதி அனுப்ப வேண்டிய முதல் ஒப்படைப்பை (அசைன்மென்ட்) எழுதாமலே காணாமல் போகிறவர்கள் தொலைநிலைக் கல்வியில் எங்கும் உண்டு.

அதை எழுதி அனுப்பிவிட்டால், அவருடைய சிந்தனை ஆசிரியருக்கு முழுதாகத் தெரிவது அந்தத் தாளில்தான். ஆசிரியரும் அவருக்கென்று மட்டும் பேசுவது அதன் விளிம்பில்தான். சுவீடனில் பிறந்து, ஜெர்மனியின் ஹாகன் தொலைநிலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெர்யே ஹோல்ம்பெரி, தொலைநிலைக் கல்வியே ஒரு வழிநடத்தப்பட்ட உரையாடல் என்றார். ஆசிரியரின் திருத்தக் குறிப்பு இல்லாவிட்டால், அந்த உரையாடலில் ஒருவர் மட்டுமே பேசிக்கொண்டிருப்பார்.

‘தவறு’ என்று எழுதுவது போதுமா?

ஓர் எடுத்துக்காட்டு. பி.காம் மாணவர் ஒருவர் ரொக்க ஓட்டப் பட்டியலில் தேய்மானத்தைக் கையை விட்டுப் போன பணமாகக் காட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆசிரியர் சுழித்து ‘தவறு, 4/10’ என்று போடுகிறார். இன்னொருவர் எழுதுகிறார்: “லாபம் கணக்கிடத் தேய்மானத்தைக் கழித்தது சரி. ஆனால், எந்திரத்தின் விலையை வாங்கியபோதே கொடுத்துவிட்டீர்கள். தேய்மானத்துக்காக இந்த ஆண்டு யாருக்காவது பணம் கொடுத்தீர்களா? யோசித்துவிட்டு, பட்டியலை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள்.” இருவரும் கொடுத்த மதிப்பெண் ஒன்றாகவே இருக்கலாம். பாடம் நடத்தியவர் இரண்டாமவர்தான். எது சரி, எங்கே பிசகியது, அடுத்து என்ன செய்வது என்ற மூன்றையும் நாலைந்து வரியில் சொல்வது கைத்தொழில் போன்றது. செய்து, பிறர் பார்த்துத் திருத்தித்தான் படியும்.

1971-இல் பாடம் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. முன்தகுதி கேட்காமல் சேர்த்துக்கொண்ட மாணவர்களை அது பகுதிநேர ஆசிரியர்களிடம் ஒப்படைத்தது. அவர்கள் திருத்திய தாள்களில் சிலவற்றை எடுத்து இன்னோர் ஆசிரியர் படிப்பார். மதிப்பெண் நியாயமா, குறிப்பு உதவுமா என்று திருத்தியவருக்கே எழுதுவார். பயிற்சி அங்கே வேலைக்கு முன் முடிந்துவிடவில்லை; வேலையோடு சேர்ந்தே நடந்தது.

நம் பயிற்சி வகுப்புகளிலும் இதுபோன்ற ஒன்றைச் செய்யப் பெரிய செலவில்லை. ஒரே விடைத்தாளின் நகலை இருபது பேரிடம் கொடுத்துத் தனித்தனியே திருத்தச் சொல்லலாம். மதிப்பெண்களைப் பலகையில் வரிசையாக எழுதினால் போதும், அடுத்த ஒரு மணி நேர விவாதம் தானாக நடக்கும். மதிப்பீட்டு அளவுகோல் எதற்கு என்று அதன்பின் யாரும் விளக்க வேண்டியிருக்காது.

கேமராவுக்கு முன்னும் பின்னும்

இப்போது கலப்புமுறைக் காலம். ஒரு பாடத்தில் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் அனுமதித்தது. ஆசிரியர்களுக்கு ஜூம், கூகுள் கிளாஸ்ரூம், வீடியோ எடிட்டிங் எனப் பயிற்சிகளும் பெருகின. அவை தேவைதான். ஆனால், எதை வீடியோவில் வைப்பது, எதை நேரில் பேசுவது என்பதே பெரிய கேள்வி. விரிவுரையை எத்தனை முறையும் ஓட்டிப் பார்க்கலாம். பஸ் ஏறி ஞாயிற்றுக்கிழமை வந்திருப்பவரிடம் அதையே மறுபடி ஒப்பிப்பதைவிட, அவர் எழுதிய விடையை அவரோடு உட்கார்ந்து பார்ப்பது மேல்.

இணையவழிப் பயிற்சியிலும் அதே பிரிட்டன் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த கில்லி சால்மன் நல்ல வழி காட்டினார். ஆசிரியர்கள் பிறகு பாடம் நடத்தப்போகும் அதே இணையத் தளத்தில் முதலில் மாணவர்களாகப் பயிலவைத்தார். தன் பதிவுக்கு யாரும் பதில் போடாதபோது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர், நாளை மாணவரின் கேள்வியை வாரக்கணக்கில் கிடப்பில் போடமாட்டார்.

ஒப்படைப்புகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. எழுதிவைத்த விடைகளைக் கடையில் வாங்கிய காலம் போய், இப்போது சாட்ஜிபிடி சில நொடிகளில் எழுதித் தருகிறது. ‘வரையறு, விளக்குக’ என்று கேட்டால் எந்திரம்தான் பதில் சொல்லும். ‘உங்கள் கடையின் ஒரு வார வரவு செலவை எழுதி, கடனுக்கு விற்றதை எப்படிப் பதிந்தீர்கள் என்று விளக்குக, அதைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேசுக’ என்று கேட்டால் நகலெடுப்பது கடினம். அந்தக் கேள்வியில் மாணவரின் அனுபவமும் பாடமாகிறது. இப்படிக் கேள்வி தயாரிக்கவும் ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும்.

மானியக் குழுவின் 2020 விதிப்படி, தொலைநிலைப் படிப்பில் தொடர் மதிப்பீட்டுக்கு அதிகபட்சம் 30 விழுக்காடு; மீதி இறுதித் தேர்வுக்கு. அந்த 30 சும்மா போடும் மதிப்பெண்ணா, கற்பிக்கும் மதிப்பெண்ணா என்பது திருத்துபவர் கையில் இருக்கிறது. தாளுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துவிட்டு, கட்டுக்கட்டாகத் தாள் அனுப்பி, நாலு வரி எழுதச் சொன்னால் நடக்காது. பயிற்சி நேரத்தில் பாதியைத் திருத்துவதற்கு ஒதுக்குவதும், திருத்தும் நேரத்துக்கு உரிய ஊதியம் தருவதும், திருத்திய தாள்களை இன்னொருவர் பார்ப்பதும் ஒன்றாக வர வேண்டும். ஸ்டுடியோ கட்டுவதைவிட இதற்குச் செலவு குறைவு. மாணவர்கள் பாதியில் நிற்பதைத் தடுக்க இதுவே கூடுதலாக உதவும்.