பரு மருந்தும் பார்வை நரம்பும்

இளமையின் வாயிலில் நிற்போர் பலர்க்கு முகப்பருவினும் பெரிய கவலை வேறில்லை. கண்ணாடிமுன் கழியும் பொழுதே அதற்குச் சான்று. களிம்புக்கு அடங்காத பருவுக்கு மருத்துவர் தரும் மாத்திரைகளுள் இரண்டு ஈண்டுக் கருதத்தக்கன. ஒன்று, மினோசைக்ளின், டாக்சிசைக்ளின் முதலான டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகள். மற்றொன்று, வைட்டமின் 'ஏ'யின் வழித்தோன்றலாகிய ஐசோட்ரெட்டினாயின். அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற இது கொடிய பருவையும் அடக்க வல்லது. கருவுற்றோர் உண்டால் சிசுவுக்கு ஊனம் நேரும் என்பதைப் பலர் அறிவர். இவ்விரு மருந்துகளும் அரிதாக மூளையைத் தொடும் என்பதை அறிவோர் சிலரே.

மூளையைச் சூழ்ந்து ஒரு தெளிநீர் ஊறியும் வடிந்தும் ஓரளவில் நிற்கிறது. மிகச் சிலர்க்கு இம்மருந்துகளால் அந்நீரின் அழுத்தம் மிகுந்துவிடுகிறது. மண்டையோட்டுக்குள் விரிய இடமேது? கண்ணின் பின்னுள்ள பார்வை நரம்பின் முனை வீங்குகிறது. படுத்தெழும் காலையில் மிகும் தலைவலி, குமட்டல், குனிந்து நிமிர்கையில் சில நொடி கண் இருளல், ஒன்று இரண்டாய்த் தெரிதல், நாடித் துடிப்போடு ஒத்துக் காதில் எழும் இரைச்சல் ஆகியன இதன் குறிகள். ஸ்கேன் எடுத்தால் கட்டி எதுவும் தென்படாது. அதனால் 'பொய்க்கட்டி' எனப் பொருள்படும் பழம்பெயர் ஒன்றும் இந்நோய்க்கு உண்டு.

வைட்டமின் 'ஏ' மிகின் நஞ்சாதல் பழங்கதை. 1597இல் வடதுருவப் பகுதியில் சிக்கிய டச்சு மாலுமிகள் பனிக்கரடியின் ஈரலை உண்டு நோயுற்றனர். சிலர்க்கு உடல் முழுதும் தோல் உரிந்தது. பின்னாளில் சென்ற பயணிகளோ கடுந்தலைவலியால் வருந்தினர். ஈரலில் மண்டிய வைட்டமின் 'ஏ'யே காரணம் என்பது 1943இல்தான் புலனாயிற்று. அந்த வைட்டமினின் வேதிப்பெயரான ரெட்டினால் என்பதே விழித்திரையைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. விழிக்கு உணவாவதன் உறவே விழிக்கு ஊறாவது விந்தையே.

மேற்கூறிய இருவகை மருந்துகளையும் ஒருசேர உண்ணலாகாது. ஐசோட்ரெட்டினாயின் உண்போர் வைட்டமின் 'ஏ' மாத்திரைகளையும் தவிர்த்தல் வேண்டும். மினோசைக்ளின் சிலர்க்குத் தலைச்சுற்றலும் தருவதுண்டு. அது மருந்தை நிறுத்தியதும் விரைவில் நீங்கும்.

இடர் வேறோரிடத்தில் உள்ளது. பருவுக்குத் தின்னும் மாத்திரையை நம்மவர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பருவுக்கு ஒரு மருத்துவர், தலைவலிக்கு வேறொருவர். பின்னவரிடம் முன்னவர் தந்த மாத்திரையைப் பற்றி வாய் திறப்பதில்லை. சொன்னால் அவர் கண்ணின் உட்புறத்தைச் சோதித்து நரம்பின் வீக்கத்தைக் கண்டறிய இயலும். காலத்தே மருந்தை நிறுத்திச் சிகிச்சை பெற்றால் பெரும்பாலோர் நலமுறுவர். நாள் கடத்தினாலோ பார்வையின் ஓரங்கள் முதலில் மங்கும். அவ்வாறு இழந்த பார்வை மீளாமலும் போகலாம்.