நடுக்கடலில் துணி துவைக்கலாமா?



விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் எத்தனை செட் உடுப்பு எடுத்து வைப்பீர்கள்? நான்கு நாள் என்றால் ஐந்து செட் போதும், இல்லையா? அழுக்கானால்தான் என்ன? பாட்டி வீட்டுக் கிணற்றடியில் அலசிக் கொடியில் போட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும்.

ஆனால், நீங்கள் போவது பாட்டி வீட்டுக்கு இல்லை, கப்பலில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'குயின் மேரி 2' என்றொரு பெரிய பயணிகள் கப்பல் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. இதன் நீளம் 345 மீட்டர். 2,600-க்கும் மேற்பட்ட பயணிகளும், 1,200-க்கும் மேற்பட்ட ஊழியர்களும் இதில் இருக்கலாம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவின் நியூயார்க் போய்ச் சேர வழக்கமாக 7 இரவுகள் ஆகும். நடுவில் ஓர் ஊர் கிடையாது. அட்லாண்டிக் பெருங்கடல் மட்டும்தான்.

இரண்டாம் நாளே உங்கள் வெள்ளைச் சட்டையில் தக்காளி சாஸ் கொட்டிவிட்டது. இப்போது என்ன செய்வீர்கள்?

பல ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது இதே போன்ற கேள்வியைக் கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சுத்திலும் தண்ணிதானே டீச்சர்! ஒரு வாளி மொண்டு துவைச்சுட வேண்டியதுதானே?" என்றான். வகுப்பே சிரித்தது.

அந்தப் பையன் வளர்ந்து, இப்போது ஒரு சுற்றுலாக் கப்பலின் சலவைக்கூடத்திலேயே வேலை பார்க்கிறான்! சென்ற முறை விடுமுறையில் வந்தபோது என்னைப் பார்க்க வந்தான். "டீச்சர், அன்னைக்கு நான் சொன்ன பதில் எவ்வளவு தப்புன்னு இப்பதான் தெரியுது" என்று சிரித்தான். அந்த அண்ணனிடம் பேசியதும், படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

கடல் நீரில் நுரை வராது!

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நாம் சமையலுக்குப் போடும் உப்பு மட்டுமல்ல. கால்சியம், மக்னீசியம் உப்புகளும் அதில் கலந்திருக்கின்றன. சோப்பு இவற்றோடு சேர்ந்தால் நுரைக்காது. திரிந்த பால் போல வெள்ளை வெள்ளையாகப் பிரிந்து, துணியில் ஒட்டிக்கொள்ளும். அழுக்கு போவதற்குப் பதில் புது அழுக்கு வந்து சேரும்!

அதோடு விட்டதா? கடல் நீரில் அலசிய துணி எளிதில் காயவும் காயாது. துணியில் தங்கிய உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசகசவென்று ஈரமாகிறதே, அதே கதைதான். அப்படிப்பட்ட சட்டையைப் போட்டுக்கொண்டால் உடம்பெல்லாம் அரிக்கும்.

பாய்மரக் கப்பல் காலத்தில் பீப்பாய்களில் கொண்டுபோன நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே சரியாக இருந்தது. அதனால் மாலுமிகள் மழைக்குக் காத்திருப்பார்கள். மழை வந்தால் பாயை விரித்துத் தண்ணீரைப் பிடித்துத் துணி துவைத்துக்கொள்வார்கள். 

இன்னொரு வேடிக்கை: தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு மட்டும் கடல் நீரிலும் ஓரளவு நுரைக்கும். அதனால் மாலுமிகளுக்கென்றே அப்படிப்பட்ட சோப்பு தயாரித்தார்கள். 

நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இன்றைய பெரிய கப்பல்கள் கடல் நீரிலிருந்தே நல்ல தண்ணீரைத் தயாரித்துக்கொள்கின்றன. இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, ஆவியாக்குவது. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று படித்திருப்பீர்கள். ஆனால் ஊட்டி போன்ற மலை ஊர்களில் அதற்கு முன்பே கொதித்துவிடும். அங்கே காற்றின் அழுத்தம் குறைவு என்பதே காரணம். கப்பலில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு மூடிய கலத்திலிருந்து காற்றை வெளியேற்றிவிட்டால், சுமார் 50 டிகிரியிலேயே கடல் நீர் கொதிக்கத் தொடங்கும். எஞ்சினிலிருந்து வீணாகப் போகும் வெப்பமே இதற்குப் போதும். ஆவி குளிர்ந்து நல்ல தண்ணீராகும், உப்பு பின்தங்கிவிடும்.

இரண்டாவது வழி, வடிகட்டுவது. கடல் நீரை மிக அதிக அழுத்தத்தில் ஒரு மெல்லிய சவ்வின் வழியாகத் தள்ளுவார்கள். தண்ணீர் மறுபுறம் போகும், உப்பு நின்றுவிடும். வீட்டில் இருக்கும் ஆர்.ஓ. இயந்திரமும், சென்னைக்கு அருகே மீஞ்சூர், நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்களும் இதே முறையில்தான் இயங்குகின்றன.

ஆக, கப்பலில் குழாயைத் திறந்தால் வருவதில் பெரும்பகுதி 'செய்த' தண்ணீர். அதற்கு எரிபொருள் செலவாகியிருக்கிறது. "அதனால ஒரு மிஷின் நிறையத் துணி சேர்ந்தாத்தான் ஓட்டுவோம் டீச்சர்" என்றான் என் மாணவன்.

ஜன்னல் இல்லாத சலவைக்கூடம்

கப்பலின் அடித்தளத்தில், ஜன்னல்கூட இல்லாத ஓர் இடத்தில் சலவைக்கூடம் இருக்கும். ஆயிரக்கணக்கான படுக்கை விரிப்புகள், துண்டுகள், மேசை விரிப்புகள், ஊழியர்களின் சீருடைகள் எல்லாம் நாள்தோறும் அங்கே வந்து குவியும். துவைக்க, உலர்த்த, விரிப்புகளைத் தேய்த்து மடிக்க என்று தனித்தனி இயந்திரங்கள் உண்டு.

பயணிகளின் துணி? அறையில் ஒரு பை வைத்திருப்பார்கள். அதில் துணியைப் போட்டு, சட்டை இத்தனை, பேன்ட் இத்தனை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், துவைத்துத் தருவார்கள். இதற்குத் தனிக் கட்டணம். குயின் மேரி 2 போன்ற சில கப்பல்களில் பயணிகள் தாங்களே துவைத்துக்கொள்ள இயந்திரங்கள் வைத்த அறைகளும் உண்டு. பல கப்பல்களில் அந்த வசதி கிடையாது. அங்கே சின்னச் சின்னத் துணிகளைக் கைகழுவும் தொட்டியில் அலசி, குளியலறையில் இழுத்துக் கட்டும் கயிற்றில் போட்டுக்கொள்வார்கள்.

பால்கனியில் காயப்போடலாமே என்கிறீர்களா? கூடாது! கடற்காற்று ஒரே வீச்சில் சட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பிறகு அது மீன்களுக்குத்தான்!

இஸ்திரிப் பெட்டிக்குத் தடை

பெரும்பாலான சுற்றுலாக் கப்பல்களில் பயணிகள் தங்கள் அறைக்கு இஸ்திரிப் பெட்டி கொண்டுபோகக் கூடாது. பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் தருவார்கள். 'ஒரு சட்டையைத் தேய்த்தால் குடியா முழுகிவிடும்?' என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. கப்பலில் உண்மையாகவே முழுகிவிடலாம் குழந்தைகளே! இதைக் கேளுங்கள்.

1998-ஆம் ஆண்டு ஜூலை 20. அமெரிக்காவின் மயாமி துறைமுகத்திலிருந்து 'எக்ஸ்டசி' என்ற சுற்றுலாக் கப்பல் மாலையில் புறப்பட்டது. பயணிகள் 2,565 பேர். ஊழியர்கள் 916 பேர். மொத்தம் எத்தனை? கூட்டிப் பாருங்கள். ஆம், 3,481 உயிர்கள்!

5 மணி தாண்டியதும் சலவைக்கூடத்தில் தீப்பிடித்தது. அங்கே அனுமதி பெறாமல் வெல்டிங் வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் தீ பரவியதற்குக் காரணம் வேறு. துணியை உலர்த்தும்போது அதிலிருந்து மெல்லிய பஞ்சுத்தூசி உதிரும். அந்தத் தூசி, காற்று வெளியேறும் குழாய்களுக்குள் நிறையப் படிந்து கிடந்தது. நெருப்பு அதைப் பற்றிக்கொண்டு, குழாய் வழியாகவே ஓடிக் கப்பலின் பின்பகுதிக்குப் போனது. அங்கே கப்பலைக் கட்டும் தடித்த கயிறுகள் வைக்கப்பட்டிருந்தன. அவையும் எரிய, கரும்புகை வானம்வரை எழுந்தது.

நல்லவேளை, கப்பல் கரையைவிட்டு அதிக தூரம் போகவில்லை. இழுவைப் படகுகள் விரைந்து வந்து தண்ணீரைப் பீய்ச்சின. தீ அணைந்தது. சிலருக்குக் காயம், யாரும் இறக்கவில்லை. விசாரணை செய்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், சலவைக்கூடக் குழாய்களைச் சுத்தமாக வைத்திருக்கத் தவறியதையும் ஒரு காரணமாகச் சொன்னது.

பஞ்சுத்தூசி ஏன் அவ்வளவு வேகமாக எரிகிறது? நெருப்புக்குக் காற்று வேண்டும். மடித்து வைத்த துணியின் உள்ளே காற்று அதிகம் போகாது. உதிர்ந்த பஞ்சிலோ ஒவ்வோர் இழையைச் சுற்றியும் காற்று இருக்கிறது. அதனால் ஒரு பொறி போதும்.

நம் ஊரில் தீப்பிடித்தால் வெளியே ஓடலாம். தீயணைப்பு வண்டி வரும். நடுக்கடலில் எங்கே ஓடுவது? யார் வருவார்கள்? சமையல்காரரும் சலவைக்காரரும்கூட அங்கே தீயணைக்கப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். என் மாணவனும் பெற்றிருக்கிறான். "ஒவ்வொரு தடவையும் டிரையர் வலையில இருக்கிற பஞ்சை எடுத்துட்டுத்தான் அடுத்த துணியைப் போடுவேன் டீச்சர். யாரும் பார்க்கலைன்னாலும் எடுப்பேன்" என்றான். அவனுக்கு அன்று மனதுக்குள் நூற்றுக்கு நூறு போட்டேன்!

பட்டும் கம்பளியும்

கப்பலில் சில இரவுகளில் எல்லாரும் நன்றாக உடுத்திக்கொண்டு விருந்துக்குப் போவார்கள். அதற்காகப் பட்டும் கம்பளியும் கொண்டுவருவார்கள். இவற்றை மற்றத் துணிகளோடு சேர்த்துப் பையில் போட்டுவிட்டால் ஆபத்து. விவரம் தெரிந்தவர்கள் தனியே எழுதிக் கொடுப்பார்கள். அல்லது தாங்களே கையால் அலசிக்கொள்வார்கள்.

ஏன் தெரியுமா? பருத்தி, செடியிலிருந்து வருவது. பட்டு, பட்டுப்புழு தருவது. கம்பளி, ஆடு தருவது. இவை இரண்டும் புரதத்தால் ஆனவை, நம் தலைமுடியைப் போல. சில சலவைத்தூள்களில் முட்டை, ரத்தக் கறைகளைக் கரைக்கும் நொதிகள் இருக்கும். அவை புரதத்தைக் கரைப்பவை. கறை எது, பட்டு எது என்று அவற்றுக்குத் தெரியாதே! பட்டையும் அரித்துவிடும்.

கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற மிக நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரில் போட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். துணி சுருங்கிவிடும், பிறகு விரியாது. ஒருமுறை நான் என் மகளின் ஸ்வெட்டரைக் கொதிக்கும் நீரில் ஊறப்போட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் அது பொம்மைக்குத்தான் சரியாக இருந்தது. அவள் இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை!

மெல்லிய துணிக்கு இவற்றை நினைவில் வையுங்கள்:

* குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு நீர் போதும்.
* அடித்துத் துவைக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள்.
* உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, மெல்ல அழுத்துங்கள். துண்டு ஈரத்தை உறிஞ்சிவிடும்.
* நிழலில் உலர்த்துங்கள். கம்பளியைத் தொங்கவிடாமல் பரப்பி வையுங்கள்.
* சரிகை வைத்த பட்டை நீங்கள் துவைக்க வேண்டாம், பெரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

சட்டைக்குள் ஒரு படக்கதை

உங்கள் சட்டையின் உட்புறத் தையலில் ஒரு சின்னத் துணிச்சீட்டு இருக்கும். அதில் படங்கள் இருக்கும். தொட்டி என்றால் தண்ணீரில் துவைக்கலாம். தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும். முக்கோணம், வெளுக்கும் மருந்தைக் குறிக்கும். சதுரத்துக்குள் வட்டம், டிரையரைக் குறிக்கும். இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி என்றால் இளஞ்சூடு. மூன்று புள்ளி என்றால் நல்ல சூடு. எந்தப் படத்தின் மேலும் பெருக்கல் குறி இருந்தால், 'செய்யாதே' என்று பொருள்.

பல நாட்டு ஊழியர்கள் வேலை பார்க்கும் கப்பலில் இந்தப் படங்கள்தான் எல்லாருக்கும் பொதுவான மொழி!

நீங்களும் செய்து பாருங்கள்

மூடியுள்ள இரண்டு பாட்டில்களில் அரை லிட்டர் குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு மேசைக்கரண்டி கல் உப்பைக் கரையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்புச் சீவலைப் போட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். எதில் நுரை அதிகம்? தேங்காய் எண்ணெய் சோப்பு கிடைத்தால் அதையும் போட்டுப் பாருங்கள். பார்த்ததை நோட்டில் எழுதுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. வீட்டில் யாராவது இஸ்திரி போடும்போது வாசலில் அழைப்பு மணி அடித்தால், அவர்கள் ஓடுவதற்கு முன் சுவிட்சை அணைத்தார்களா என்று பாருங்கள். அணைக்கவில்லை என்றால் அன்போடு நினைவுபடுத்துங்கள். "எங்க டீச்சர் பத்திரிகையில எழுதியிருக்காங்க" என்று என் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம். நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன், சரியா?