கல்லாச் சாவி யார் கையில்?

பெங்களூரு ஸ்ரீராம்புரம் கடைத்தெருவில் காலையில் ஷட்டரைத் தூக்கும் முதலாளி, கல்லாப்பெட்டிச் சாவியை இடுப்பிலிருந்து இறக்கமாட்டார். பெற்ற மகனிடம்கூட யோசித்துத்தான் தருவார். அவரே நெட் பேங்கிங் பாஸ்வேர்டைக் கணக்கு எழுதும் பையனிடம் சொல்லிவைத்திருப்பார். ஓடிபி வரும் கைபேசியும் மேசைமேல் கிடக்கும். கேட்டால், “நமக்கு இதெல்லாம் வராதுங்க, தம்பி பார்த்துக்குவான்” என்பார். தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அவர் வேலையை விட்டு நின்ற பிறகும் அதே பாஸ்வேர்டு ஓடிக்கொண்டிருக்குமே, அதுதான் கவலை.

வங்கிச் செயலியில் ‘பெனிஃபிஷியரி’ என்று ஒரு பகுதி இருக்கிறது. நாம் யாருக்குப் பணம் அனுப்பலாம் என்ற பட்டியல் அது. புதுப் பெயரைச் சேர்க்கும்போதுதான் கெடுபிடி அதிகம். பல வங்கிகள் சேர்த்த முதல் சில மணி நேரத்துக்குச் சிறிய தொகையை மட்டுமே அனுப்ப விடுகின்றன. அந்தக் காலம் கழிந்தால் அந்தப் பெயருக்குப் பெருந்தொகையும் போகும். ஆகவே, பட்டியலில் பெயர் சேர்ப்பவர் கல்லாவுக்கு மறுசாவி அடிப்பவர். அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை ஒவ்வொரு கடைக்காரரும், ஒவ்வொரு குடும்பமும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கும்பகோணம் தந்த பாடம்

பணம் அனுப்பும் அதிகாரம் வேறு கைக்குப் போகும் ஆபத்து நூற்றாண்டு கண்ட வங்கியையே தொட்டிருக்கிறது. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி, 2018 பிப்ரவரி 7 அன்று கணக்கைச் சரிபார்த்தபோது, தான் அனுப்பாத மூன்று பணப் பரிமாற்றங்கள் ‘ஸ்விஃப்ட்’ என்ற வங்கிகளுக்கிடையிலான செய்தி வலைப்பின்னல் வழியாக வெளிநாட்டுக்குப் போயிருந்ததைக் கண்டது. மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது. கணக்கு பார்க்கத் தாமதமாகியிருந்தால் அதுவும் கை நழுவியிருக்கலாம்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியின் பணம் இதே ஸ்விஃப்ட் வழியாகத் திருடப்பட்டது. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் தப்பியது. பணம் பெறும் அமைப்பின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல் பிழையாக இருந்ததை இடையிலிருந்த வங்கி கவனித்துக் கேள்வி கேட்டது. கும்பகோணத்தில் அன்றாடக் கணக்கு காத்தது. இலங்கை விஷயத்தில் பெயரைப் படித்துப் பார்த்தது காத்தது. இரண்டும் சின்னக் கடையிலும் செய்யக்கூடியவை.

பெயரை இயந்திரம் பார்ப்பதில்லை

பலருக்குத் தெரியாத ஒன்று: நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணத்தை வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே அனுமதித்திருக்கிறது. நாம் தட்டிய பெயர் சரியாக இருந்தும் எண் தவறாக இருந்தால் பணம் வேறொருவருக்குப் போகும். மோசடிக்காரர்களுக்கு வசதி இதுதான். வழக்கமாகச் சரக்கு தரும் மொத்த வியாபாரியின் பெயரில், “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்” என்று மெயிலோ வாட்ஸ்அப்போ வரும். பில்லும் அசல் போலவே இருக்கும்.

இதற்கு மருந்து வந்திருக்கிறது. கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் தட்டியதும், அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இதற்குக் கட்டணம் கிடையாது. அந்தப் பெயரைப் படிக்காமல் அடுத்த பொத்தானைத் தொடாதீர்கள். கணக்கு எண் மாறியதாகச் செய்தி வந்தால், அந்தச் செய்தியில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, உங்களிடம் பழைய நாளிலிருந்து இருக்கும் நம்பரில் வியாபாரியைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

உங்கள் உரிமை, அதன் எல்லை

2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை வகுத்த விதிகள் நம் கையில் உள்ள பெரிய ஆயுதம். வங்கி மீதும் உங்கள் மீதும் தவறில்லாமல் பணம் போனால், வங்கியிடமிருந்து செய்தி கிடைத்த 3 வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்கில் உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். புகார் தந்த 10 வேலை நாளில் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே.

ஆனால் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ நீங்களே பகிர்ந்திருந்தால் அது உங்கள் கவனக்குறைவு. புகார் தரும் நிமிடம் வரை போன பணம் முழுக்க உங்கள் நஷ்டம். அதற்குப் பிறகு போவதே வங்கியின் பொறுப்பு. தம்பியிடம் பாஸ்வேர்டைச் சொன்ன அன்றே இந்தப் பாதுகாப்பின் பெரும்பகுதியை நாம் விட்டுக்கொடுத்துவிட்டோம்.

செய்ய வேண்டியவை

* நிறுவனக் கணக்கில் ‘மேக்கர்’, ‘செக்கர்’ என்று இருவருக்குத் தனித்தனி லாகின் கேளுங்கள். பெயர் சேர்ப்பவர், தொகை பதிபவர் ஒருவர். ஒப்புதல் தருபவர் இன்னொருவர்.
* கடைப்பையனுக்கு அன்றாடச் செலவுக்கு யுபிஐ தேவையென்றால் 2024-ல் வந்த ‘யுபிஐ சர்க்கிள்’ வசதியில் வரம்பு வைத்துக் கொடுங்கள். உங்கள் பின் நம்பர் உங்களிடமே இருக்கும்.
* பெனிஃபிஷியரி பட்டியலை மாதம் ஒருமுறை திறந்து, வேண்டாத பெயர்களை நீக்குங்கள். யுபிஐ ஆட்டோபே பகுதியையும் பாருங்கள். அது உங்கள் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுப்பவர்களின் பட்டியல்.
* ‘புதிய பெனிஃபிஷியரி சேர்க்கப்பட்டது’ என்ற எஸ்எம்எஸ் வந்தால் உடனே படியுங்கள். திருட்டுக்கு முன் ஒலிக்கும் மணி அது.
* ஆள் வேலையை விட்டு நின்ற அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

பணம் போய்விட்டால் முதலில் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் கூப்பிடுங்கள். சைபர்கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள். திருடன் அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் நாம் முந்தினால் பணத்தை முடக்க முடியும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) இலவசமாக முறையிடலாம். 14448 என்ற உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். கன்னடமோ ஆங்கிலமோ வராது என்று தயங்க வேண்டாம். நீங்களே தவறான எண்ணுக்கு அனுப்பிவிட்டாலும் உரிமை போகாது. தவறாக வந்த பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு.

நம்பிக்கை இல்லாமல் கடை நடத்த முடியாது. நம்பிக்கையானவருக்கும் அவருக்கென்று தனி லாகின், தனி வரம்பு கொடுப்பது அவரையும் காப்பாற்றும். நாளை பணம் காணாமல் போனால் சந்தேகம் முதலில் போய் நிற்பது அந்தத் தம்பியின் வாசலில்தான். இன்று கடை சாத்துவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.