மடியில ஒரு ரோபோ: டிமென்ஷியா உள்ளவங்களுக்கு அது பிடிக்குதா?

வீடு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். வேலை சென்னையிலோ பெங்களூருவிலோ. இப்படி நிறைய பேர் கேட்டுட்டு இருக்கீங்க, நானும் அதே கேஸ்தான். ஊர்ல டிமென்ஷியாவோட இருக்கற பாட்டிக்குத் துணையா ஒரு ரோபோ வாங்கி வைக்கலாமா? முக்கியமா, அது அவங்களுக்குப் பிடிக்குமா?

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும்னு 2023ல வெளியான ஒரு ஆய்வு மதிப்பிட்டது. அதனால இந்தக் கேள்வி நிறைய வீட்டுக்கு வரும்.

இந்த ரோபோக்கள்ல பிரபலமானது பாரோ. ஜப்பானின் தகனோரி ஷிபாதா 1993ல ஆரம்பிச்சு உருவாக்கினது. வெள்ளை ரோமம் வச்ச சீல் குட்டி. தடவினா தலையைத் திருப்பும், கண்ணை மூடும், முனகும். ஏன் சீல்? நாய், பூனைன்னா நமக்குத் தெரியும், உடனே நிஜத்தோட ஒப்பிடுவோம். சீலை யாரும் வீட்ல வளர்த்ததில்லை. ராஜபாளையத்துக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். நம்ம ஊர் வெள்ளை வேட்டைநாயோட வளர்ந்த தாத்தா, ரோபோ நாயைப் பார்த்தா என்ன சொல்வார்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, பலன் இருக்கா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 28 முதியோர் இல்லங்கள், டிமென்ஷியா உள்ள 415 பேர். 2017ல முடிவு வந்தது. சிலருக்கு பாரோ, சிலருக்கு இயக்கத்தை அணைச்ச அதே பாரோ, மத்தவங்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஒரு தடவைக்கு 15 நிமிஷம், வாரத்துக்கு மூணு தடவை, 10 வாரம். வழக்கமான கவனிப்போட ஒப்பிட்டா, பாரோ வச்சிருந்தவங்களோட மனநிலை கொஞ்சம் மேம்பட்டது, பதற்றம் கொஞ்சம் குறைஞ்சது. ஆனா அணைச்சு வச்ச பொம்மையைவிட பாரோ ஜெயிச்சது ஒண்ணுலதான்: அதைப் பார்க்கறதும் அதுகூடப் பேசறதும் அதிகம்.

அவங்க வாயாலயே கேட்டப்போ? 2020ல வந்த இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வில், வலியும் டிமென்ஷியாவும் இருந்தவங்க, மனசுக்கு இதமா இருக்குன்னு சொன்னாங்க. சிலர் கனமா இருக்கு, சத்தம் பிடிக்கலைன்னாங்க. அது கிட்டத்தட்ட 2.7 கிலோ. அப்போ மறதி இருந்தாலும், பிடிக்குது, பிடிக்கலைன்னு சொல்ல அவங்களால முடியுது. நாமதான் கேட்கணும்.

அடுத்தது, இது ஏமாத்து வேலையா? புரிஞ்சுக்கற மாதிரி நடிக்கற இயந்திரத்தை முதியவங்க கையில கொடுக்கறதை அமெரிக்கப் பேராசிரியர் ஷெர்ரி டர்க்கிள் ரொம்ப காலமா எதிர்க்கறாங்க. நான் இதை ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து பார்க்கறேன். ஆண்டாள் கையில இருக்கற கிளியை தினமும் இலையிலும் பூவிலும் புதுசா கட்டறாங்க. இலைன்னு தெரிஞ்சேதான் எல்லாருக்கும் அதுமேல பிரியம். செஞ்ச பொருள்மேல பிரியம் வைக்கறது தப்பில்லை. ஆனா டிமென்ஷியாவில் அந்தத் 'தெரிஞ்சே' வந்து வந்து போகும். அதனால "இது உயிருள்ளது"ன்னு நாம சொல்லக்கூடாது. கேட்டா மெதுவா உண்மையைச் சொல்லலாம். தள்ளிவிட்டா எடுத்துடணும்.

பேசற ரோபோன்னா இன்னொரு சிக்கல். ராஜபாளையத்துல வீட்டுக்குள்ள தெலுங்கு பேசற குடும்பங்கள் நிறைய. நினைவு மங்கும்போது பலர் முதல்ல கத்துக்கிட்ட மொழிக்கே திரும்பறாங்க. அவ்வா பேசற அந்த வீட்டுத் தெலுங்கு ரோபோவுக்குத் தெரியணுமே?

பாரோ விலை அமெரிக்காவில் பல ஆயிரம் டாலர். அதுக்கு முன்னாடி, மடியில வச்சுக்கற மாதிரி மெத்துனு ஒரு துணிப் பொம்மை கொடுத்துப் பாருங்க. கை அதைத் தடவுதா, முகம் மாறுதான்னு கவனிங்க. ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும்: குயின்ஸ்லாந்தில் பாரோ வந்ததால யாரும் கவனிப்பைக் குறைக்கலை. அது கூடுதலா 15 நிமிஷம், அவ்வளவுதான். மீதி நேரம் பக்கத்துல யார் உட்காரப் போறாங்கன்னு வீட்ல பேசி முடிவு பண்ணுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.