யானைக்கு அரை டிக்கெட்

திருவனந்தபுரத்தின் தம்பானூர் பஸ் நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜ நிலையம் அல்ல. ஒரு சின்ன அறை, நடுவில் இரண்டு வரிசையாக நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பத்து வயதுப் பையன் ஒருவன் கண்டக்டர். தோளில் இல்லாத பையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்க மக்களே?" என்கிறான். ஏறிய சிறுமி, "நெய்யாற்றின்கரைக்கு ரெண்டு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் யானைக்கு" என்கிறாள். யாரும் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டாள்.

இனிக் கண்டக்டர் என்ன செய்கிறான் என்பதுதான் விஷயம். "யானையா? எங்க இருக்கு? சும்மா புளுகாத" என்றால் கதை அங்கேயே படுத்துவிடும். சிறுமி வாயடைத்து நிற்பாள், பார்க்கிறவர்கள் நெளிவார்கள். "யானைக்கு என்ன வயசு? பன்னிரண்டு ஆகலேன்னா அரை டிக்கெட்" என்றால் பஸ் கிளம்பிவிட்டது. யானை எந்த வாசல் வழியாக ஏறும், தும்பிக்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டாதே என்று அதனிடம் யார் சொல்வது, முன் சீட்டில் இருக்கும் பெரியவர் சம்மதிப்பாரா என்று அடுத்த ஐந்து நிமிடத்துக்குச் சரக்கு தானாகச் சேரும்.

'இம்ப்ரோவ்' என்று பெருநகரங்களில் டிக்கெட் போட்டு நடக்கிற கலையின் முதல் விதி இது. எதிரில் நிற்பவர் கொடுத்ததை மறுக்காமல் வாங்கு. அதன்மேல் உன் பங்குக்கு ஒன்றை வை. எழுதாத நாடகம் என்றால் அவிழ்த்துவிட்ட நாடகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. எழுதிய நாடகத்தில் நடிகர் தடுமாறினால் வசனம் தாங்கிப் பிடிக்கும். இங்கே தாங்கிப் பிடிக்க விதியை விட்டால் வேறெதுவும் இல்லை.

இந்தக் கலை வேர்விட்டது குழந்தைகளிடம்தான் என்பது பலருக்குத் தெரியாது. சிகாகோ நகரின் ஹல் ஹவுஸ் என்ற சமூக நிலையத்தில், நேவா பாய்டு என்பவரிடம் குழு விளையாட்டுகளைக் கற்றவர் வயோலா ஸ்போலின். 1930களின் கடைசியில் அரசின் வேலைத் திட்டம் ஒன்றில் நாடக மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். அவரிடம் வந்தவர்களில் பலர் புலம்பெயர்ந்து வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு பழக்கம். நடிப்பை விளக்கிப் பாடம் நடத்தினால் பாதிப் பேருக்குப் புரியாது. அதனால் ஒவ்வொரு நாடகச் சிக்கலையும் ஒரு விளையாட்டாக மாற்றினார். அந்த விளையாட்டுகள் 1963இல் நூலாக வந்தன. அதற்குள் அவருடைய மகன் பால் சில்ஸ் நண்பர்களுடன் சேர்ந்து 1959இல் சிகாகோவில் 'செகண்ட் சிட்டி' நகைச்சுவை அரங்கைத் தொடங்கிவிட்டார். அமெரிக்க நகைச்சுவை நடிகர்களில் ஒரு பெருங்கூட்டம் வளர்ந்த இடம் அது. இன்னொரு முன்னோடி கீத் ஜான்ஸ்டோன்; லண்டனில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மல்யுத்தக் காட்சிக்குப் போகிறவர்கள் கத்திக் கூச்சலிடுவதைப் பார்த்து, நாடகத்துக்கு ஏன் இந்தச் சூடு இல்லை என்று யோசித்து, இரண்டு அணிகள் மோதும் நாடகப் போட்டியை உருவாக்கினார்.

சிகாகோ வரை போக வேண்டுமா என்று மதுரைக்காரர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் மூன்றாவது ஊர். ஒத்திகை கிடையாது. திருவிழா ராத்திரி, மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் பல நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கும். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் போட்ட சட்டகம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு நடுவே நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கினால் அது எங்கே போய் முடியும் என்று அவர்களுக்கே தெரியாது. கூத்தின் கட்டியங்காரனும் அப்படித்தான். திருவனந்தபுரம் பக்கம் வந்தால் சாக்கியார் கூத்து இருக்கிறது. புராணக் கதை சொல்லிக்கொண்டே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரையும் கதைக்குள் இழுத்துக் கேலி செய்வார் சாக்கியார். யாரும் குறுக்கே பேசக் கூடாது என்பது மரபு.

பிள்ளைகளை வைத்து நாடகம் போடுவதும் நமக்குப் பழைய சங்கதிதான். ஆனால் பாய்ஸ் கம்பெனிகளின் கதை வேறு மாதிரி. மதுரையில் 1918இல் தொடங்கிய பால சபையில் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பாடம் கேட்டவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். பிறகு 1925இல் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை என்ற சொந்தக் குழுவை அவர்கள் தொடங்கியது இதே திருவனந்தபுரத்தில். அந்தக் கம்பெனிகள் தமிழ் மேடைக்கும் சினிமாவுக்கும் கொடுத்த நடிகர்களை எண்ணி மாளாது. என்றாலும் அங்கே பிள்ளை என்பவன் தொழிலாளி. வீட்டைவிட்டு வந்து கம்பெனி வீட்டில் தங்கி, நூற்றுக்கணக்கான பாட்டை நெட்டுருப் போட்டு, குரல் உடைகிற வயது வந்தால் என்ன ஆவோமோ என்று பயந்துகொண்டே வளர்ந்தவன். பார்வையாளருக்காகப் பிள்ளை இருந்தான்; பிள்ளைக்காக நாடகம் இருந்தது என்று சொல்ல முடியாது.

அதைத் திருப்பிப் போட்ட இடம் ஒன்று தம்பானூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. கொட்டாரக்கரை பஸ்ஸில் ஏறி எம்.சி. ரோட்டில் இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் வெஞ்ஞாறமூடு. பக்கத்தில் ஆலுந்தறை கிராமம். அங்கே கொச்சுநாராயண பிள்ளை என்ற பள்ளி ஆசிரியர் 1970இல் 'ரங்கபிரபாத்' என்ற சிறுவர் அரங்கைத் தொடங்கினார். பின்னால் நின்றவர் நாடகாசிரியர் ஜி. சங்கரப் பிள்ளை. ரங்கபிரபாத் பிள்ளைகளுக்காக அவர் எழுதியது 'புஷ்பகிரீடம்'. 1967இல் சாஸ்தாங்கோட்டையில் நாடகக் களரி என்ற பயிலரங்கை நடத்தி மலையாள நாடகத்தின் போக்கை மாற்றியவரும், 1977இல் திருச்சூரில் தொடங்கிய நாடகப் பள்ளியின் முதல் இயக்குநரும் அவரே. அந்தப் பள்ளியில் அவருக்குத் தோள்கொடுத்தவர் நம் நாங்குநேரிக்காரர், பேராசிரியர் சே. இராமானுஜம். தில்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்து, பிற்பாடு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த இராமானுஜம், சிறுவர் அரங்கை நாடகக் கல்வியின் அடிவாரமாகவே கருதியவர். புதுச்சேரியில் கோமாளி வேடத்தோடு பள்ளி பள்ளியாகப் போகும் வேலு சரவணனின் 'ஆழி' குழுவும், யாழ்ப்பாணத்தில் 'கூடி விளையாடு பாப்பா' எழுதிய குழந்தை ம. சண்முகலிங்கமும் இதே குடும்பம்.

சரி, இப்படி ஓர் இடத்தைத் தம்பானூரில் நடத்துவது எப்படி? முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள். பிள்ளைகள் இருபதைத் தொட்டால் காத்திருக்கிறவன் சேட்டை தொடங்குவான். முதல் விளையாட்டு கண்ணாடி. இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் கையை மெதுவாக உயர்த்த, மற்றவர் பிம்பம்போல அதையே செய்ய வேண்டும். வேகமாக அசைத்து எதிராளியை ஏமாற்றுவதுதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில் தோன்றும். நடத்துகிறவர் ஓரத்திலிருந்து குரல் கொடுக்கிறார்: "தோற்கடிக்காதே, கூட்டிக்கிட்டுப் போ." கொஞ்ச நேரத்தில், "இப்போ மாத்து, மற்றவன் தலைவன்." இன்னும் கொஞ்சம் கழித்து, "இப்போ தலைவனே கிடையாது." அங்கேதான் வேடிக்கை. யார் அசைக்கிறார், யார் பின்தொடர்கிறார் என்று தெரியாமல் நான்கு கைகளும் சேர்ந்து நகரும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "நல்லா நடி" என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் அது தன்னையே பார்க்கத் தொடங்கும். தோள் இறுகும், குரல் அறிவிப்பாளர் குரலாகிவிடும். "அவன் விரல்நுனியை விட்டுக் கண்ணை எடுக்காதே" என்றால் தன்னை மறந்துவிடும். ஸ்போலின் விளையாட்டுகள் எல்லாவற்றிலும் உள்ள பொறி இதுதான். கவனத்துக்கு ஒரு வேலை கொடு. கூச்சம் தானாக விலகும். ஓரத்திலிருந்து கொடுக்கும் குரலும் அப்படியே. அது பாராட்டும் அல்ல, திருத்தமும் அல்ல. "எங்கே இருக்கே? சொல்லாதே, காட்டு" அவ்வளவுதான். ஆட்டம் நிற்காது.

அடுத்தது அர்த்தமில்லாத மொழி. ஒருவர் வாயில் வந்த ஒலிகளால் மீன் விற்க வேண்டும். வாங்குகிறவரும் அதே மாதிரி ஒலிகளால் பேரம் பேச வேண்டும். தம்பானூரில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. சாலைக் கடைத்தெருவின் தமிழ் வீட்டுப் பிள்ளை, மலையாளப் பிள்ளை, வேலை தேடி வந்த வடக்கத்திக் குடும்பத்துப் பிள்ளை மூவரும் ஒரே அறைக்கு வந்தால், மொழி தெரிந்தவன் அண்ணனாகிவிடுவான். யாருக்கும் தெரியாத மொழியில் ஆடினால் மூவரும் ஒரே படியில் நிற்கிறார்கள்.

இனி நிர்வாகம். நாடக ஆர்வலர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

மேடை வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையை மூன்றடி உயரத்தில் ஏற்றினால் அது பிரசங்கம் செய்யத் தொடங்கும். சமதளத் தரை, மூன்று பக்கம் பாய், பின்னால் நாற்காலி. நாற்பது ஐம்பது பேர் போதும். அந்த அளவில் மைக்கும் தேவையில்லை. கூரையைத்தான் இரண்டு முறை பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. தகரக் கூரையின்மேல் இடவப்பாதி என்கிற அந்த ஜூன் மழை இறங்கினால் பக்கத்திலிருப்பவர் பேசுவதே கேட்காது, பிள்ளைகள் குரல் எப்படிக் கேட்கும்? ஓட்டுக்கூரையோ கான்கிரீட்டோ உள்ள இடத்துக்கு வாடகை கூடுதல்தான், கொடுத்துத்தான் ஆக வேண்டும். காற்றுக்கு என்ன செய்வது என்று கேட்பவர்கள் தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டிக் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். சுருளாக ஏறும் அந்தக் கட்டடத்தின் சுவரெல்லாம் துளை. வெளிச்சமும் காற்றும் கேட்காமல் உள்ளே வரும்.

பணக் கணக்கு கொடுமையானது. ஐம்பது இருக்கை, நூறு ரூபாய் டிக்கெட் என்றால் அரங்கு நிறைந்தாலும் ஐயாயிரம். மாதம் நாலு காட்சி போட்டால் இருபதாயிரம். நகரத்து வாடகைக்கும் மின்கட்டணத்துக்குமே போதாது. ஆகவே டிக்கெட்டை நம்பிச் சிறுவர் அரங்கு நடத்த முடியாது. வகுப்புக் கட்டணம், ஏப்ரல் மே விடுமுறை முகாம், பள்ளிகளுக்குப் போய் நடத்தும் பயிற்சி என மூன்று காலில் நிற்க வேண்டும். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் குரு சிஷ்ய பரம்பரைத் திட்டம் நாடகக் குழுக்களுக்கும் உதவுகிறது, ஆனால் மானியம் எப்போது கைக்கு வரும் என்று தெரியாது, அதை நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. நான்காவது கால்தான் பெரியவர்களின் இம்ப்ரோவ் குழு. பகலில் பிள்ளைகள், இரவு ஏழு மணிக்கு மேல் வேலை முடிந்து வரும் இளைஞர்கள். ஒரே அறை, ஒரே வாடகை, இரண்டு வருமானம்.

இந்தக் குடித்தனத்துக்குச் சட்டதிட்டம் கறாராக வேண்டும். ஒரு பெரியவர் தனியாக ஒரு பிள்ளையோடு அறையில் இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். கதவு திறந்தே இருக்க வேண்டும். தொட்டு ஆடும் விளையாட்டு என்றால் முன்கூட்டியே சொல்லி, வேண்டாம் என்கிற பிள்ளையை விட்டுவிட வேண்டும். எதையும் மறுக்காதே என்ற இம்ப்ரோவ் விதி கதைக்குத்தான், உடம்புக்கு அல்ல. இதை முதல் நாளே பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லாதவர் வகுப்பு எடுக்கவே தகுதியில்லாதவர் என்பேன். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தை நடத்துகிறவர்கள் எல்லோரும் படித்திருக்க வேண்டும். பிள்ளையை அழைத்துப் போக வருவது யார் என்பதற்குக் கையெழுத்துப் பதிவேடு தேவை. பஸ் நிலையமும் ரயில் நிலையமும் எதிரெதிரே இருக்கிற தம்பானூர் போன்ற நெரிசலில் இது விளையாட்டுக் காரியம் அல்ல.

கடைசியாகப் பெற்றோர். கேரளத்தில் 1957இல் தொடங்கிய பள்ளிக் கலோத்சவம் என்ற மாணவர் கலைப் போட்டி விழா ஒரு மகாமகம். 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்திலேயே நடந்தது. அங்கே ஏ கிரேடு வாங்கினால் கிரேஸ் மார்க் உண்டு. ஆகவே சேர்க்க வருகிற அப்பாவின் முதல் கேள்வி, "இதுல சேர்ந்தா கலோத்சவத்துக்கு உதவுமா?" என்பதாகத்தான் இருக்கும். உதவாது என்று சொல்லிவிடுவது நல்லது. அங்கே மாதக்கணக்கில் தீட்டிய ஒரே நாடகம் பிசிறில்லாமல் வர வேண்டும். இங்கே போன வாரம் செய்ததைத் திரும்பச் செய்தால் அதுதான் தவறு. மதிப்பெண் போட இதில் எதுவும் மிஞ்சாது.

காட்சி நாளில் பெற்றோருக்கு ஒரே வேலை கொடுக்கலாம். ஓர் இடமும் ஒரு பொருளும் சத்தமாகச் சொல்ல வேண்டும். தன் பிள்ளைக்கு வசதியான பதிலை யோசித்து வைத்திருக்கும் அம்மாவைத் தவிர்த்துவிட்டு, பின்வரிசைப் பாட்டியிடம் கேட்பது நடத்துகிறவரின் சாமர்த்தியம். அவர் "ரேஷன் கடை, அம்மி" என்பார். பிள்ளைகள் அம்மியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கத் தொடங்குவார்கள்.