முகம் முறியாமல் ஒரு மறுப்பு

உங்கள் பாடல்களை அச்சுக்கு அனுப்பும்வரை ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று சென்னையிலிருந்து எழுதிவிட்டார் வள்ளலாரின் அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார். கருங்குழியில் இருந்த வள்ளலாருக்குத் தாங்கவில்லை. பிறர் பசியைக் கேட்டாலே தவித்துப்போகிறவர்; இணங்கிவிட்டார். முதலியாருடையது அன்புதான். ஆனாலும் கழுத்தில் துண்டு போட்ட அன்பு.

அதே வள்ளலார் இன்னொன்றில் அசையவில்லை. தம்மை 'இராமலிங்கசாமி' என்று வழங்குவதில் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று அதே முதலியாருக்கு எழுதினார். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. எது வேண்டாம், ஏன் வேண்டாம், அவ்வளவுதான். 1867-இல் அந்தப் பாடல்கள் திருவருட்பாவாக வெளிவந்தபோது அந்தப் பெயர் இல்லை. (பதிலுக்கு அன்பர்கள் 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்று அதைவிடப் பெரிதாகப் போட்டது தனிக்கதை!)

பிறர் வருத்தம், சத்தம், முகச்சுளிப்பு எல்லாம் வள்ளலாரைப் போன்ற சிலருக்குள் மற்றவர்களைவிட ஆழமாக இறங்கும். அமெரிக்க உளவியலாளர் எலைன் ஏரன் 1996-இல் இவர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். நூற்றுக்குப் பதினைந்து, இருபது பேர் இப்படி என்பது அவர் கணக்கு. இது நோயல்ல, பிறவிக் குணம் என்கிறார்.

இப்படிப்பட்டவர் மரக்காணத்தை அடுத்த பெருமுக்கல் போன்ற கிராமத்தில் வாழ்ந்தால் பாடு இன்னும் அதிகம். ஐப்பசி மழை தொடங்கினால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். கைமாற்று கேட்பது கூடும். குழுக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் கேட்பார்கள். மறுத்தால், மறுநாள் காலை அதே குழாயடியில் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும். நகரத்து ஆலோசகர்கள் 'பட்டென்று சொல்லிவிடுங்கள்' என்பது இங்கே செல்லாது.

கேட்கிறவருக்கு இந்தச் சங்கடம் உறைப்பதே இல்லை. வனெசா போன்ஸ் என்ற உளவியலாளர் சக ஆய்வாளருடன் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: உதவி கேட்பவர்கள், எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நேருக்கு நேர் மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை.

ஆகவே முதல் தேவை அவகாசம். "சாயந்தரம் சொல்றேன்க்கா" என்றால் யார் முகமும் வாடாது. ஆனால் சாயந்தரம் சொல்லிவிட வேண்டும். "வூட்ல அவரு வேணாங்கறாரு" என்று கணவர் தலையில் கட்டினால், அடுத்த வாரம் கணவரிடமே கேட்க ஆள் வந்துவிடும். பொய்க்காரணத்தின் தொல்லை அது. "பணம் தர்றதுக்கில்லக்கா. பாப்பாவ வேணா ரெண்டு நாள் நான் பாத்துக்கறேன், நீ வேலைக்குப் போய் வா" என்றால் கேட்டது கிடைக்கவில்லை என்பதும் தெளிவு, கைவிடவில்லை என்பதும் தெளிவு. அந்த அக்கா இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். இளகிய மனசுக்காரருக்கு அந்த இரண்டு நாள்தான் கஷ்டம்; அப்போது ஓடிப்போய்ப் பணத்தை நீட்டிவிடாமல் இருந்தால் போதும்.