இறங்கி ஏறியவர்

பந்தெறியும் திறமை வாய்த்த ஓர் அமெரிக்க இளைஞன் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேரே பெரிய மைதானங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று எண்ணுகிறவர்கள், பேஸ்பால் ஆட்டத்தின் உச்சியை மட்டும் பார்த்தவர்களே. மேஜர் லீக் என்னும் அந்த உச்சியில் முப்பது சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஏ, டபிள் ஏ, டிரிபிள் ஏ என்று மைனர் லீக் அணிகள் படிப்படியாக அமைந்துள்ளன. சிறு ஊர்களில் தங்கி, இரவெல்லாம் பஸ்ஸில் பிரயாணம் செய்து, சொற்ப ஊதியத்தில் காலம் தள்ளும் அவ்விளைஞர்களில் பெரும்பாலோருக்கு உச்சிப்படி கிட்டுவதே இல்லை. கிட்டியவர்களிலும், அங்கிருந்து அடிப்படிக்கு இறக்கப்பட்டு, கற்றதையெல்லாம் மறந்து புதிதாகக் கற்று ஏறியவர் என்ற வகையில் ராய் ஹாலடேயின் சரித்திரம் அபூர்வமானது.

கொலராடோ மாநிலத்தில் 1977-ல் பிறந்த அவரை, சங்கங்கள் இளைஞர்களை முறைவைத்து எடுத்துக்கொள்ளும் 1995-ஆம் ஆண்டுத் தேர்வின் முதற் சுற்றில் பதினேழாவது ஆளாக டொரான்டோ புளூ ஜேஸ் சங்கம் எடுத்துக்கொண்டது. ஆறடி ஆறங்குல உயரம். அதற்கேற்ற தேக பலம். 1998 செப்டம்பரில் மேஜர் லீகில் இறங்கிய அவர், தம் இரண்டாவது ஆட்டத்திலேயே, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் இருவர் அவுட்டாகும் வரையில் டெட்ராய்ட் அணியினருக்கு, அடித்துத் தளம் சேரும் ஹிட் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அடுத்து வந்த பாபி ஹிக்கின்சன் ஹோம் ரன் அடித்து அந்தப் பெருமையைத் தட்டிப் பறித்தார். ஆயினும் ஆட்டம் டொரான்டோவுக்கே.

இத்தனை பிரகாசமாகத் தொடங்கியவர் 2000-ல் அடியோடு சரிந்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு நான்கு ரன்னுக்குள் கொடுப்பவரை நல்ல பிட்சர், அதாவது நல்ல பந்தெறிபவர், என்பார்கள். அவ்வாண்டு ஹாலடேயின் சராசரி 10.64. ஒரு பருவத்தில் ஐம்பது இன்னிங்ஸுக்குக் குறையாமல் எறிந்தவர்களில் அதைவிட மோசமான கணக்கு அதுவரை எவருக்கும் இருந்ததில்லை. 2001 வசந்தகாலத்தில், ஃபுளோரிடாவின் டனீடன் நகரிலிருந்த ஏ நிலை அணிக்கு அவர் அனுப்பப்பட்டார். இருபத்துமூன்று வயதில், முதற் சுற்றுத் தேர்வு என்ற பட்டத்தோடு, பதின்வயது கடந்த பிள்ளைகளின் நடுவே போய் நிற்க வேண்டியிருந்த அந்த மனத்தின் வேதனையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அங்கே அவரைத் திருத்தும் பொறுப்பு மெல் குவீன் என்ற அனுபவசாலியிடம் வந்தது. பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து அடிப்பவர் நிற்கும் தட்டு வரை 60 அடி 6 அங்குலம். வேகப்பந்து அத்தூரத்தை அரை வினாடிக்குள் கடந்துவிடும். கிரிக்கெட்டைப் போல் பந்து தரையில் பட்டு எழுவதில்லையாதலால், ஏமாற்றுவதெல்லாம் காற்றிலேயே நடந்தாக வேண்டும். ஹாலடேயோ கையைத் தலைக்கு நேர்மேலே தூக்கி எறிந்தார். பந்து வேகமாகவே வந்தாலும் வளைவின்றி நேர்க்கோட்டில் வந்தது. தேர்ந்த ஆட்டக்காரனுக்கு வேகம் மட்டும் ஒரு பொருட்டன்று. ஆகவே குவீன், கையைச் சற்றுச் சாய்த்துத் தோளுக்கும் தலைக்கும் இடைப்பட்ட கோணத்தில் வீசும்படியும், விரற்பிடியை மாற்றும்படியும் செய்தார். ஒரே வேகத்தில் ஒரே திசையில் புறப்படும் இரு பந்துகளில் ஒன்று கடைசி நேரத்தில் கீழே தாழ்ந்து ஒரு பக்கம் ஒதுங்க, மற்றொன்று எதிர்ப்பக்கம் விலகியது. மட்டையை வீசலாமா என்று அடிப்பவர் தீர்மானிக்கும் கணத்தில் இரண்டுக்கும் பேதம் தெரியாது. அவருடைய பிற்கால வெற்றிகளெல்லாம் இந்த ஒரு வித்தையின்மேல் எழுந்தவை என்பதே என் அபிப்பிராயம்.

கையைத் திருத்தினால் மனம் தானாகத் தெளிந்துவிடுமா? பந்தெறிவோரின் மனநிலையைப் பற்றி ஹார்வி டார்ஃப்மன் எழுதிய புத்தகமொன்றை அவருடைய மனைவி வாங்கிக் கொடுத்தார். அதைத் திரும்பத் திரும்பப் படித்த ஹாலடே, ஆட்டத்தின் முடிவைப் பற்றிய கவலையை விட்டு, கையிலிருக்கும் ஒரு பந்தை மாத்திரம் சிந்திக்கப் பழகினார்.

மறுபடியும் படிகளை ஒவ்வொன்றாக ஏறி, 2001 ஜூலையில் டொரான்டோ திரும்பினார். 2003-ல் 266 இன்னிங்ஸ் எறிந்து 22 வெற்றிகள். மிகச் சிறந்த பிட்சருக்குரிய சை யங் விருதும் அவ்வாண்டே கிடைத்தது. பிலடெல்பியாவுக்கு மாறிய 2010-ல், மே மாதம் ஓர் ஆட்டம் முழுவதும் வரிசையாக 27 பேரை ஒருவர்கூடத் தளம் சேராதபடி அவுட்டாக்கினார். அக்டோபரில், பருவ இறுதிப் போட்டிகளில் தாம் ஆடிய முதல் ஆட்டத்திலேயே, சின்சினாட்டி அணிக்கு ஒரு ஹிட்டும் கொடுக்கவில்லை. அப்போட்டிகளில் 1956-ல் டான் லார்சன் செய்த பிறகு தனியாளாக அதைச் செய்தவர் அவர் ஒருவரே.

2013-ல் ஓய்வு பெற்ற அவர், பின்னர் பிலடெல்பியா சங்கத்தின் மைனர் லீக் இளைஞர்களுக்கு மனப்பயிற்சி அளித்து வந்தார். 2017 நவம்பரில், தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் கடலில் விழுந்ததில் காலமானபோது அவருக்கு வயது நாற்பது.